யுனிவர்சல் ரிமோட்டைப் பரிசாகக் கொடுக்க நினைப்பவர்களுக்கு

பரிசு என்றால் வாங்கி, கலர் பேப்பர் சுற்றி, பிரிக்காமல் கையில் கொடுப்பதுதான் வழக்கம். டிவி, செட்டாப் பாக்ஸ் என்று பல கருவிகளை ஒன்றாலேயே இயக்கும் யுனிவர்சல் ரிமோட்டுக்கு அந்த வழக்கம் ஒத்துவராது. டப்பாவை நீங்களே பிரித்து, பேட்டரி போட்டு, அவர்கள் வீட்டு டிவி முன்னால் உட்கார்ந்து, எல்லாவற்றையும் செட் பண்ணிக் கொடுக்க வேண்டும். அதற்கு நேரம் இல்லையென்றால் புடவையோ சட்டையோ எடுத்துக் கொடுத்துவிடலாம். டப்பாவோடு கொடுத்த ரிமோட், டீப்பாய் மேல் ஏற்கெனவே கிடக்கும் நான்கு ரிமோட்டுகளோடு ஐந்தாவதாகப் போய்ச் சேரும், அவ்வளவுதான்.

ஆனால் சரியான ரிமோட்டைப் பார்த்து வாங்கி, செட் பண்ணியும் கொடுத்துவிட்டால், வயதான அப்பா அம்மாவுக்கு இதைவிட உபயோகமான பரிசு குறைவு. காரணத்தைத் தெரிந்துகொள்ள, சாயங்காலம் சீரியல் நேரத்தில் வரும் அந்த போனை நினைத்துக்கொள்ளுங்கள். “ஏம்ப்பா, எதையோ அமுக்கிட்டேன் போல. டிவி நீலமா நிக்குது. நோ சிக்னல்னு போட்டிருக்கு.” கேபிளும் போயிருக்காது, டிவியும் கெட்டிருக்காது. செட்டாப் பாக்ஸ் ரிமோட் என்று நினைத்து டிவி ரிமோட்டை எடுத்திருப்பார். அதில் ‘சோர்ஸ்’ என்றோ ‘இன்புட்’ என்றோ இருக்கும் பட்டனில் விரல் பட்டிருக்கும். எச்டிஎம்ஐ 1 என்ற கேபிள் இணைப்பில் இருந்த டிவி, எதுவுமே மாட்டாத எச்டிஎம்ஐ 2-க்குப் போய் நின்றிருக்கும். இதை போனில் விளக்கிச் சரிசெய்வதற்குள் சீரியலில் பாதி ஓடிவிடும்.

சோர்ஸ் பட்டனே இல்லாத ஒரு ரிமோட் கையில் இருந்திருந்தால் அந்த போன் வந்தே இருக்காது. கடையில் எல்லோரும் இந்த ரிமோட்டில் என்னென்ன வேலை செய்யும் என்றுதான் கேட்கிறார்கள். பரிசு கொடுப்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அதில் என்னென்ன பட்டன் இல்லை என்பதை.

ரிமோட்டுக்குள் என்ன நடக்கிறது

எதை வாங்குவது என்று முடிவு செய்ய, ரிமோட் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் போதும்.

சாதாரண டிவி ரிமோட்டின் முனையில் குட்டியாக ஒரு எல்இடி பல்பு இருக்கும். அதிலிருந்து வருவது அகச்சிவப்பு ஒளி. பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளம். நம் கண்ணுக்குத் தெரியாது. பட்டனை அழுத்தினால் இந்தப் பல்பு நொடிக்குச் சுமார் 38,000 தடவை விட்டுவிட்டு எரியும். டியூப்லைட், வெயில், சமையலறை அடுப்பு என்று வீட்டில் அகச்சிவப்பு ஒளி எங்கேயும் இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் ரிமோட்டின் ஒளியை மட்டும் டிவி பிரித்தெடுக்க இந்தத் துடிப்புதான் அடையாளம். கம்பெனிக்குக் கம்பெனி இது கொஞ்சம் மாறும். சோனியின் பழைய முறையில் 40,000, பிலிப்ஸின் ஆர்சி-5 முறையில் 36,000.

இந்தத் துடிப்பைச் சின்னதும் பெரிதுமான இடைவெளிகளில் நிறுத்தி நிறுத்தி அனுப்பினால் அது ஒரு எண்ணாகிறது. பரவலாகப் புழங்கும் என்இசி கம்பெனியின் முறையில் ஒரு அழுத்தலுக்கு 32 பிட், அதாவது 32 பூஜ்யம்-ஒன்றுகள். அதில் ஒரு பகுதி ‘இது எந்தக் கருவிக்கான சேதி’ என்று சொல்லும் முகவரி. இன்னொரு பகுதி ‘என்ன செய்ய வேண்டும்’ என்ற கட்டளை. சேதி வழியில் கெட்டுப்போயிருந்தால் டிவிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, முகவரியையும் கட்டளையையும் தலைகீழாக்கி இன்னொரு முறையும் அதிலேயே அனுப்பிவிடுவார்கள். முகவரி தனதில்லை என்றால் டிவி கண்டுகொள்ளாது. உங்கள் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டை எவ்வளவு அழுத்தினாலும் பக்கத்தில் இருக்கும் டிவி அசையாமல் இருப்பது இதனால்தான்.

அப்படியானால் யுனிவர்சல் ரிமோட் என்பது என்ன? பல கம்பெனிகளின் முகவரியையும் கட்டளையையும் தெரிந்துவைத்திருக்கும் ரிமோட். அல்லது, சொல்லிக்கொடுத்தால் கற்றுக்கொள்ளும் ரிமோட். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த விஷயத்தில் பாதி.

போகிற போக்கில் ஒரு பழைய கதை. 1955-இல் அமெரிக்காவின் ஜெனித் கம்பெனியில் யூஜின் பாலி என்பவர் செய்த முதல் வயரில்லா டிவி ரிமோட், டார்ச் லைட் போல டிவியின் மூலையில் வெளிச்சம் அடித்து வேலை செய்தது. வெயில் பட்டாலே சேனல் மாறிவிடும் என்ற தொல்லை இருந்தது. அடுத்த வருடமே அதே கம்பெனியில் ராபர்ட் ஆட்லர் ஒன்று செய்தார். அதில் பேட்டரியே கிடையாது. பட்டனை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் அலுமினியக் கம்பியைத் தட்டும், காதுக்குக் கேட்காத அந்த ஒலியை டிவி பிடித்துக்கொள்ளும். அகச்சிவப்பு வந்தது பிறகுதான். பிற ரிமோட்டுகளிடமிருந்து கற்றுக்கொள்ளும் ரிமோட் ஒன்றை 1987-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டீவ் வாஸ்னியாக். அவருடைய வீட்டிலும் டீப்பாய் நிறைய ரிமோட் கிடந்திருக்கும்போல.

கடையில் கிடைப்பவை

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ உங்கள் ஊர் டிவி மெக்கானிக் கடையிலோ போய் ‘யுனிவர்சல் ரிமோட்’ என்று கேட்டால், கடைக்காரர் எடுத்து நீட்டுவது ஒரே வகையாக இருக்காது.

முதலாவது, பார்க்க உங்கள் பழைய ரிமோட் மாதிரியே இருக்கும். ‘இந்த கம்பெனி எல்லா மாடலுக்கும் வேலை செய்யும் சார்’ என்பார். ஒரே கம்பெனியின் பல மாடல்களுக்குப் பொதுவான ரிமோட். செட் பண்ண எதுவும் இல்லை, பேட்டரி போட்டால் ஓடும். விலையும் சில நூறு ரூபாய்க்குள்தான். இருக்கும் ரிமோட் உடைந்துவிட்டது, தொலைந்துவிட்டது என்றால் இதுவே போதும். நான்கு ரிமோட்டை ஒன்றாக்கும் வேலையை இது செய்யாது.

இரண்டாவது வகை, கோடு (ஒவ்வொரு கம்பெனிக்கும் உரிய குறியீட்டு எண்) போட்டு செட் பண்ணுவது. உள்ளேயே நூற்றுக்கணக்கான கம்பெனிகளின் கோடுகள் இருக்கும். கூடவே மடித்த தாளில் பொடி எழுத்தில் ஒரு பட்டியல்: இந்த கம்பெனிக்கு இந்த நான்கு இலக்கம் என்று. பட்டியலில் இல்லையென்றால் தானாகத் தேடும் வசதியும் இருக்கும். பெரும்பாலானவற்றில் செட் பட்டனைச் சிவப்பு விளக்கு நிலையாக எரியும்வரை பிடித்துக்கொண்டு, டிவியைப் பார்த்துப் பிடித்து, பவர் பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டே போக வேண்டும். டிவி அணைந்த கணத்தில் நிறுத்தி செட்டை அழுத்தினால் கோடு பதிவாகிவிடும். இங்கே அவசரப்பட்டு ஒரு தடவை கூடுதலாக அழுத்திவிட்டால் மறுபடி முதலிலிருந்துதான்.

இந்த வகையில் ஒரு பெரிய சிக்கல் உண்டு, விளம்பரத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள். மேலே டிவி, எஸ்டிபி, டிவிடி என்று வரிசையாக மூன்று நான்கு பட்டன் இருக்கும். டிவி என்பதை அழுத்தினால் கீழே இருக்கும் எல்லாப் பட்டனும் டிவிக்கு வேலை செய்யும். எஸ்டிபி என்பதை அழுத்தினால் அதே பட்டன்கள் செட்டாப் பாக்ஸுக்கு. நமக்கு இது எளிது. அப்பாவுக்கு? சத்தம் கூட்ட வேண்டும் என்றால் முதலில் டிவி, அப்புறம் வால்யூம். சேனல் மாற்ற வேண்டும் என்றால் முதலில் எஸ்டிபி, அப்புறம் சேனல். நான்கு ரிமோட்டில் எதை எடுப்பது என்ற குழப்பம் போய், ஒரே ரிமோட்டுக்குள் எந்த மோடில் இருக்கிறோம் என்ற குழப்பம் வந்துவிடுகிறது. முன்னதாவது கண்ணுக்குத் தெரிந்தது, இது தெரியாது. அதனால் வயதானவர்களுக்கு இந்த மோடு பட்டன் வைத்த ரிமோட்டை வாங்கிக் கொடுக்காதீர்கள் என்பேன்.

மூன்றாவது, லேர்னிங் ரிமோட். கோடு எதுவும் உள்ளே இருக்க வேண்டியதில்லை. பழைய ரிமோட்டின் ஒளியைப் பார்த்து அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளும். இதன் அருமை என்னவென்றால், ஒவ்வொரு பட்டனுக்கும் வேறு வேறு ரிமோட்டிலிருந்து கற்றுக்கொடுக்கலாம். பவர் பட்டனும் வால்யூமும் டிவி ரிமோட்டிலிருந்து, சேனலும் நம்பர்களும் செட்டாப் பாக்ஸ் ரிமோட்டிலிருந்து. மோடு என்ற பேச்சே இல்லை. பெரிய எழுத்து, பெரிய பட்டன், மொத்தமே ஏழெட்டுப் பட்டன் என்று வயதானவர்களுக்காகவே வரும் லேர்னிங் ரிமோட்டுகள் ஆன்லைனில் கிடைக்கின்றன. உள்ளூர் கேபிளும் டிடிஎச்சும் இருக்கும் நம் வீடுகளுக்கு இதுதான் பொருத்தம். கோடு பட்டியலில் பெரிய டிவி கம்பெனிகள் எல்லாம் இருக்கும். உங்கள் ஊர் கேபிள்காரர் கொடுத்த செட்டாப் பாக்ஸ் அதில் இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. கற்றுக்கொள்ளும் ரிமோட்டுக்கு அந்தக் கவலை இல்லை.

நான்காவதாக, கையில் பிடிக்கும் ரிமோட்டே இல்லாத ஒன்று இருக்கிறது. அலமாரி மேல் வைக்கும் சின்ன உருண்டை. வைஃபையில் இணைந்து, போனிலிருந்தோ அலெக்ஸாவிடம் சொல்லியோ அகச்சிவப்புக் கட்டளைகளை அனுப்பும். ஐஆர் (அகச்சிவப்பு) பிளாஸ்டர் என்பார்கள். தங்கை, தம்பி, நண்பர்களுக்கு இது நல்ல பரிசு. பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே இணையும் என்பதை மறக்க வேண்டாம். சில ரெட்மி, போக்கோ போன்களிலேயே ஐஆர் இருப்பதால், அந்த போன் வைத்திருப்பவர்களுக்கு இதுவும் பெரிதாகத் தேவைப்படாது. இன்னொன்று: ஆப்பையும் கம்பெனியின் சர்வரையும் நம்பி ஓடும் எந்தச் சாதனமும் கம்பெனி மனதை மாற்றிக்கொண்டால் அனாதைதான். உலகம் முழுக்க ரசிகர்கள் இருந்த ஹார்மனி ரிமோட்டுகளை லாஜிடெக் 2021-இல் நிறுத்திவிட்டது. சர்வீஸ் தொடரும் என்று சொன்னார்கள், சரி. புதிதாக வாங்கிப் பரிசளிக்க அது இனி ஆகாது.

எதை இயக்க முடியாது

நிறையப் பேர் காசைத் தொலைப்பது இங்கேதான். யுனிவர்சல் ரிமோட்டுகள் பெரும்பாலும் அகச்சிவப்பு மட்டுமே பேசும். ப்ளூடூத்தில் ஓடும் கருவிகளை அவற்றால் அசைக்க முடியாது. டிவியில் செருகி ஆன்லைனில் படம் பார்க்க உதவும் ஃபயர் டிவி ஸ்டிக் அப்படிப்பட்டது. அதன் ரிமோட்டில் ஒரு வேடிக்கை இருக்கிறது: பவரும் வால்யூமும் டிவிக்கு அகச்சிவப்பாகப் போகும், மற்ற பட்டன்கள் எல்லாம் ஸ்டிக்குக்கு ப்ளூடூத்தில் போகும். ஆகவே அதன் வால்யூமை லேர்னிங் ரிமோட் கற்றுக்கொள்ளும். ஹோம் பட்டனைக் கற்றுக்கொடுக்கப் போனால் விளக்கு மினுக்கி மினுக்கி, கடைசியில் ஒன்றும் பதியாமல் நிற்கும். ரிமோட் பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்புபவர்கள் உண்டு.

இப்போது வரும் ஸ்மார்ட் டிவி ரிமோட்டுகளிலும் இப்படிக் கலந்து இருக்கலாம். மைக் பட்டன் வைத்து, பேசினால் தேடும் ரிமோட் என்றால் அந்தப் பேச்சு பெரும்பாலும் ப்ளூடூத்தில் போகிறது.

எது எது என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி. போனில் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேராகப் பிடித்து, பட்டனை அழுத்திப் பாருங்கள். திரையில் வெள்ளையாகவோ இளம் ஊதாவாகவோ ஒரு புள்ளி மினுக்கினால் அந்தப் பட்டன் அகச்சிவப்பு. ஒன்றும் தெரியவில்லை என்றால் அது ப்ளூடூத்தாக இருக்கலாம், பேட்டரி தீர்ந்தும் இருக்கலாம், உங்கள் கேமராவே அகச்சிவப்பை வடிகட்டுவதாகவும் இருக்கலாம். பல போன்களில் பின்பக்கக் கேமரா வடிகட்டிவிடும். அதனால்தான் செல்ஃபி கேமரா என்றேன். நன்றாக வேலை செய்யும் வேறொரு டிவி ரிமோட்டை முதலில் அழுத்திப் பார்த்துக்கொண்டால் சந்தேகம் தீரும். ஒவ்வொரு பட்டனாகத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது முக்கியம், ஒரே ரிமோட்டில் இரண்டும் இருக்கலாம் என்பதால்.

மரக்கதவுக்குப் பின்னால் அலமாரிக்குள் செட்டாப் பாக்ஸை வைத்திருக்கும் வீடுகளும் உண்டு. அகச்சிவப்பு ஒளி மரத்தைத் தாண்டாது. இப்போது கதவைத் திறந்துவைத்துத்தான் சேனல் மாற்றுகிறார்கள் என்றால் புது ரிமோட்டிலும் அதேதான். அகச்சிவப்பில் ஓடும் சீலிங் ஃபேன்களை லேர்னிங் ரிமோட்டில் சேர்க்கலாம்; ரேடியோ அலையில் ஓடுபவற்றைச் சேர்க்க முடியாது.

ஏசி தனி ஜாதி

‘டிவி, ஏசி எல்லாத்துக்கும் ஒரே ரிமோட்’ என்று யாராவது விற்றால் கொஞ்சம் யோசியுங்கள். ஏசி ரிமோட்டும் அகச்சிவப்புதான். ஆனால் அது அனுப்பும் சேதியின் குணமே வேறு.

ஹோட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ‘இன்னும் ஒரு இட்லி’ என்கிறோம் இல்லையா, டிவி ரிமோட் அந்த மாதிரி. இன்னும் ஒரு பாயிண்ட் சத்தம். ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று ரிமோட்டுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஏசி ரிமோட்டோ ஒவ்வொரு தடவையும் முழு ஆர்டரையும் முதலிலிருந்து சொல்லும் ஆள்: மூன்று இட்லி, ஒரு வடை, சட்னி வேண்டாம், சாம்பார் மட்டும் என்று. நீங்கள் 25-இலிருந்து 24-க்குக் குறைக்கும் ஒரு அழுத்தலில் ‘ஆன், கூல் மோடு, 24 டிகிரி, ஃபேன் நடுத்தரம், ஸ்விங் உண்டு, டைமர் இல்லை’ என்று எல்லாமே ஒரே சேதியாகப் போகிறது. அதனால்தான் ஏசி ரிமோட்டில் மட்டும் திரை இருக்கிறது. என்ன நிலையில் இருக்கிறோம் என்பதை நினைவில் வைத்திருப்பது ரிமோட்டின் வேலை. சேதியும் நீளம். மிட்சுபிஷி எலக்ட்ரிக் ஏசி ஒன்றின் அழுத்தலில் 144 பிட் போகும். டிவிக்கு 32 என்று மேலே பார்த்தோம்.

இதன் விளைவு என்ன? லேர்னிங் ரிமோட்டுக்கு ஏசியின் ‘குறை’ பட்டனைக் கற்றுக்கொடுத்தால் அது ‘குறை’ என்பதைக் கற்றுக்கொள்ளாது. அந்த நிமிடத்தில் போன ‘கூல், 24, ஃபேன் நடுத்தரம்’ என்ற முழுச் சேதியையும்தான் கற்றுக்கொள்ளும். அப்புறம் எத்தனை தடவை அழுத்தினாலும் 24-தான். விலை குறைந்த பல லேர்னிங் ரிமோட்டுகளால் இவ்வளவு நீளமான சேதியைப் பிடிக்கவே முடியாது என்பது வேறு.

ஆனால் இதையே சாதகமாகவும் ஆக்கிக்கொள்ளலாம். தாத்தாவுக்கு ஏசியில் தேவைப்படுவது இரண்டே காரியம்: 26-இல் போடுவது, அணைப்பது. நீளமான சேதியைப் பிடிக்கும் நல்ல லேர்னிங் ரிமோட்டாக இருந்தால், ஒரு பட்டனுக்கு ‘ஆன், 26, மெதுவான ஃபேன்’ என்ற சேதியையும் இன்னொன்றுக்கு ‘ஆஃப்’ சேதியையும் கற்றுக்கொடுத்துவிட்டால் போதும். தவறுதலாக ஹீட் மோடு, டிரை மோடு என்று எங்கும் போக வழியில்லை. வாங்கும் முன் ஏசி சேதியைக் கற்றுக்கொள்ளுமா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி ஏசிக்கு ஏசிக்கென்றே வரும் யுனிவர்சல் ரிமோட்டைத் தனியாக வாங்குவதுதான் நல்லது. ‘1000 இன் 1’ என்று அட்டையில் போட்டு வருபவை இவை. பேட்டரி போட்டு, செட் பட்டனைப் பிடித்துக்கொண்டு ஏசிக்கு நேராக நீட்டினால் கோடுகளை ஒவ்வொன்றாக அனுப்பிக்கொண்டே போகும். ஏசி ‘பீப்’ என்றதும் விட்டுவிட வேண்டும். பீப் வந்துவிட்டது என்று உடனே டப்பாவில் போட்டுவிடாதீர்கள். பக்கத்துக் கோடு ஒன்றும் ஆன், ஆஃப் அளவுக்கு வேலை செய்யும், ஸ்விங் மட்டும் வேலை செய்யாது. எல்லாப் பட்டனையும் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் எழ வேண்டும்.

வாங்கும் முன் வீட்டை ஒரு நோட்டம்

கடைக்குப் போவதற்கு முன்னால் அவர்கள் வீட்டுக்குப் போங்கள். இருக்கும் ரிமோட்டுகளை எல்லாம் வரிசையாக வைத்து முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டிவியின் பின்பக்க ஸ்டிக்கரையும் செட்டாப் பாக்ஸின் அடியில் இருக்கும் ஸ்டிக்கரையும் அப்படியே. மாடல் நம்பர் அங்கேதான் இருக்கும்.

அப்புறம் அந்த ரிமோட்டுகளைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பிளாஸ்டிக் உறையைப் பிரிக்காமலே வைத்திருப்பார்கள், அல்லது நடுவில் ரப்பர் பேண்ட் போட்டிருக்கும். ஐம்பது பட்டனில் நாலைந்துதான் தேய்ந்து எழுத்து அழிந்திருக்கும்: பவர், வால்யூம், சேனல் மேலே கீழே, இரண்டு மூன்று நம்பர்கள். மற்றவை கடையில் வாங்கிய அன்று இருந்த மாதிரியே பளபளவென்று இருக்கும். எந்தப் பட்டன் வேண்டும் என்று அவர்களைக் கேட்டால் ‘எல்லாம்தான் வேணும்’ என்பார்கள். அழிந்த பட்டன்களை எண்ணுங்கள், உண்மை தெரிந்துவிடும். நீங்கள் வாங்கும் ரிமோட்டில் அவை இருக்க வேண்டும், முடிந்தால் அவை மட்டும்.

நம்பர் பட்டன் விஷயத்தில் மட்டும் கவனம். வெளிநாட்டு முதியவர்களை நினைத்துச் செய்த ஆறு பட்டன் ரிமோட்டுகளில் நம்பரே இருக்காது, சேனல் மேலே கீழே மட்டும்தான். இங்கே டிடிஎச்சில் சேனல் எண்கள் மூன்று நான்கு இலக்கத்துக்குப் போகும். நம் அம்மாக்களுக்கு வேண்டிய சேனல்களின் நம்பர் மனப்பாடம். அதை அடித்துத்தான் போவார்கள். ஒவ்வொன்றாகத் தாண்டி வா என்றால் இரண்டே நாளில் பழைய ரிமோட்டுக்குத் திரும்பிவிடுவார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

இந்த நோட்டத்தில் எதுவுமே வாங்க வேண்டாம் என்றும் தெரியவரலாம். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டின் மேலேயோ கீழேயோ ஒரு கட்டம் கட்டி, ‘டிவி’ என்று எழுதி, பவர், வால்யூம், ஏவி, செட் என்று நாலைந்து பட்டன் இருக்கிறதா பாருங்கள். பல கேபிள், டிடிஎச் ரிமோட்டுகளில் இருக்கும். வருடக்கணக்காக யாரும் தொடாமல் கிடக்கும் அவை லேர்னிங் பட்டன்கள்! செட்டைச் சிவப்பு விளக்கு நின்று எரியும்வரை பிடியுங்கள். இரண்டு ரிமோட்டின் முனைகளையும் மேசைமேல் இரண்டு மூன்று விரற்கடை இடைவெளியில் நேருக்கு நேர் வையுங்கள். செட்டாப் பாக்ஸ் ரிமோட்டில் வால்யூம் கூட்டும் பட்டனை அழுத்தி, அப்புறம் டிவி ரிமோட்டில் அதே பட்டனை அழுத்துங்கள். விளக்கு மினுக்கினால் பதிந்துவிட்டது. மாடலுக்கு மாடல் வரிசை கொஞ்சம் மாறும், விஷயம் இதுதான். டிவி ரிமோட்டை எடுத்து உள்ளே வைத்துவிடலாம், செலவு பூஜ்யம். சோர்ஸை மாற்றும் அந்த ஏவி பட்டனுக்கு மட்டும் எதையும் கற்றுக்கொடுக்காமல் விட்டுவிடுங்கள், நோ சிக்னல் கதை திரும்ப வேண்டாம்.

ஸ்டிக்குக்கும் இதே மாதிரி ஒரு வழி உண்டு. டிவியின் செட்டிங்ஸில் சிஇசி என்று ஒன்று இருக்கும். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள், எல்லாம் ஒன்றுதான். அதை ஆன் செய்தால் எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே டிவி ரிமோட்டின் அம்புக்குறிகளும் ஓகே பட்டனும் ஃபயர் டிவி ஸ்டிக்குக்குப் போய்ச் சேரும். அகச்சிவப்பால் முடியாத காரியம் இதில் முடிந்துவிடும்.

செட் பண்ணும் நாள்

கற்றுக்கொடுக்கும்போது ஜன்னல் வெயில் நேராக ரிமோட்டில் விழக் கூடாது. பழைய ரிமோட்டில் புது பேட்டரி போட்டுக்கொள்ளுங்கள். உயிர் போகிற பேட்டரியோடு கற்றுக்கொடுத்தால் சேதி அரைகுறையாகப் பதியும். ஒவ்வொரு பட்டனையும் பதிந்தவுடன் டிவியிடம் காட்டிச் சரிபாருங்கள், எல்லாம் முடித்துவிட்டுப் பார்ப்போம் என்று வைக்காதீர்கள்.

பவர் பட்டன் ஒரு தலைவலி. டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று. ஒரே அழுத்தலில் இரண்டும் போகும் வசதி இருக்கும் ரிமோட்டுகளிலும், ஒன்று ஆனாகி மற்றது ஆஃபாகி மாறி மாறி நிற்பதுண்டு, ஏனென்றால் இரண்டுக்கும் போவது ‘இருக்கும் நிலையை மாற்று’ என்ற சேதிதான். செட்டாப் பாக்ஸை எப்போதும் ஆனிலேயே விட்டு, ரிமோட்டில் டிவி பவரை மட்டும் வைப்பது எளிது. கொஞ்சம் கரண்ட் செலவாகும், பரவாயில்லை.

பேட்டரியை எடுத்தால் செட் பண்ணியது அழியுமா என்று கடையிலேயே கேளுங்கள். நல்ல ரிமோட்டுகளில் அழியாது. மலிவான சிலவற்றில் அழியும். அப்படியானால் பேட்டரி மாற்றும் ஒவ்வொரு தடவையும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். கோடு போட்டு செட் செய்தது என்றால் அந்த நான்கு இலக்கத்தை பேட்டரி மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவைத்துவிடுங்கள்.

பழைய ரிமோட்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். மெனு, படத்தின் அளவு, பாஷை மாற்றுவது போன்ற வேலைகளுக்கு எப்போதாவது தேவைப்படும். புது ரிமோட் தொலைந்தால் அடுத்ததற்குக் கற்றுக்கொடுக்கவும் அவைதான் வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஒரு கவரில் போட்டு டிராயருக்குள் வையுங்கள். பேட்டரியோடு வைத்தால் நாளடைவில் கசிந்து, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கைத் தின்றுவிடலாம்.

வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊருக்கு அனுப்ப நினைப்பவர்களுக்கு: அங்கே கடையில் வாங்கும் ரிமோட்டின் கோடு பட்டியல் அந்த நாட்டு கேபிள் கம்பெனிகளுக்கானது. நம் ஊர் செட்டாப் பாக்ஸ் அதில் இருக்க வாய்ப்பு குறைவு. லேர்னிங் ரிமோட்டாக வாங்குங்கள், அல்லது இந்தியாவிலேயே ஆன்லைனில் ஆர்டர் போட்டு வீட்டுக்கு வரவழையுங்கள். செட் பண்ண ஊரில் ஒரு ஆள் வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனைவிட டிவி மெக்கானிக்கோ கேபிள்காரரோ நல்லது. சில்லறை கொடுத்தால் வந்து செய்துவிட்டுப் போவார்கள். அவர் வந்திருக்கும்போதே வீடியோ காலில் இருங்கள். டிவியை ஆன் செய்து, சத்தம் கூட்டி, அம்மாவுக்குப் பிடித்த சேனல் நம்பரை அடித்து, திரும்ப அணைப்பது வரை எல்லாவற்றையும் அம்மாவையே செய்யச் சொல்லுங்கள், மெக்கானிக் செருப்பை மாட்டுவதற்கு முன்னால்.